வேர் மட்டும் வளரும் குடுவை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், செடியே இல்லாமல் வேரை மட்டும் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து மருந்துப் பொருள் எடுப்பது பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற மண் பாக்டீரியா தன் மரபணுத் துண்டு ஒன்றைச் செடியின் செல்லுக்குள் செலுத்திவிடும். அந்த இடத்தில் கொத்துக் கொத்தாக மெல்லிய வேர்கள் கிளம்பும். அவற்றை முடிவேர் என்கிறோம். ஆய்வகப் பேச்சில் ஹேரி ரூட். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி இந்த வேர்களோடுதான் கழிந்தது. அந்தக் குறிப்பைப் படித்து எழுதியவர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வேருக்கு உணவு இலையிலிருந்துதானே வர வேண்டும்? இலையை வெட்டிவிட்டால் வேர் எப்படிப் பிழைக்கும்?
*– பள்ளி உயிரியல் ஆசிரியர்*

இலை அனுப்புவது முக்கியமாகச் சர்க்கரை. அதை நாமே கரைத்துக் கொடுத்துவிடலாம். 1934-இல் பிலிப் ஒயிட் என்ற அமெரிக்க ஆய்வாளர் தக்காளி வேரின் நுனியை வெட்டி, சர்க்கரை, தாது உப்புகள், ஈஸ்ட் சாறு கலந்த நீரில் போட்டார். நுனி வளர்ந்தது. வளர்ந்த வேரின் நுனியை மறுபடி வெட்டிப் புது நீரில் போட்டார், அதுவும் வளர்ந்தது. தண்டும் இலையும் இல்லாமலே வேரைத் தொடர்ந்து வளர்க்கலாம் என்று அன்றே தெரிந்துவிட்டது.

ஆனால் தக்காளி ஒரு நல்ல பிள்ளை. பெரும்பாலான செடிகளின் வேர் தனியே விட்டால் சோர்ந்துவிடும், கிளை விடாது. தண்டிலிருந்து இறங்கி வரும் ஆக்சின் என்ற ஹார்மோன் அதற்குக் கிடைக்காததுதான் முதல் காரணம். பாக்டீரியா செலுத்தும் துண்டில் உள்ள ரோல் மரபணுக்கள் (ஏ, பி, சி, டி என்று நான்கு) இந்த நிலைமையை மாற்றுகின்றன. சில பாக்டீரிய வகைகள் ஆக்சினைத் தயாரிக்கும் மரபணுக்களையும் சேர்த்தே கொடுக்கும். அப்படி மாறிய வேர் ஹார்மோன் எதுவும் சேர்க்காத ஊடகத்தில் (வேருக்கு உணவு தரும் கரைசல் அல்லது கூழில்), இருட்டில், 25 டிகிரி வெப்பத்தில் தன்பாட்டுக்குக் கிளைத்துக்கொண்டே போகும்.

மாணவர்களுக்கு இதைக் காட்ட எளிய வழி உண்டு. மாறிய வேர்நுனி ஒன்றையும் சாதாரண வேர்நுனி ஒன்றையும் ஹார்மோன் இல்லாத அகார் தட்டில் அருகருகே வைக்க வேண்டும். சாதாரண வேர் கொஞ்சம் நீண்டு நின்றுவிடும். மற்றது தட்டெங்கும் பரவும்; புவியீர்ப்பைக்கூட அவ்வளவாகப் பொருட்படுத்தாமல் பக்கவாட்டில் ஓடும். நிறமும் வேண்டுமென்றால் பீட்ரூட் முடிவேரை எடுத்துக்கொள்ளலாம், குடுவை முழுக்கச் செக்கச் சிவந்திருக்கும். முதல் பார்வையிலேயே மாணவர்களைப் பிடித்துப்போடுவது அதுதான்.

பாக்டீரியா எதற்காக இவ்வளவு சிரமப்படுகிறது? அதற்கு என்ன லாபம்?
*– இளநிலைத் தாவரவியல் மாணவி*

உணவுதானம்மா. அந்த மரபணுத் துண்டில் வேரை முளைக்கவைக்கும் கட்டளையோடு இன்னொரு கட்டளையும் இருக்கிறது: அக்ரோபின், மானோபின் போன்ற, ஓபைன்கள் எனப்படும் வேதிப்பொருட்களைத் தயாரி என்பது. செடிக்கு அவற்றால் பயனில்லை. மண்ணில் உள்ள மற்ற நுண்ணுயிர்களில் பெரும்பாலானவற்றுக்கும் அவற்றைச் செரிக்கத் தெரியாது. துண்டை அனுப்பிய பாக்டீரியாவுக்குத் தெரியும். வேர் பெருகப் பெருக அதன் உணவும் பெருகும்.

செடியில் காயம் பட்டால் கசியும் அசிட்டோசிரிங்கோன் போன்ற பீனால் பொருட்கள்தான் பாக்டீரியாவைத் தூண்டிவிடும். அதனால்தான் ஆய்வகத்தில் இலையைக் கத்தியால் கீறிவிட்டுப் பாக்டீரியாவைத் தடவுகிறோம். 1930-இல் அமெரிக்க ஆப்பிள் நாற்றங்கால்களில் இந்த முடிவேர் ஒரு நோயாகத்தான் அடையாளம் காணப்பட்டது. பாக்டீரியாவின் டி.என்.ஏ. உண்மையிலேயே செடியின் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது என்பதை மேரி-டெல் சில்டனும் அவருடைய பிரெஞ்சுத் தோழர்களும் 1982-இல் காட்டினார்கள். கண்ணாடிக் கூடங்களில் மண்ணில்லாமல் தக்காளி, வெள்ளரி வளர்ப்பவர்களுக்கு இது இன்றும் தொல்லை தரும் நோய்.

நான் ஆய்வகத்தில் சேர்ந்த காலத்தில் ஒரு வேர் மாறியதா இல்லையா என்பதை இந்த ஓபைனை வைத்தே கண்டுபிடிப்போம். வேரை நசுக்கி, சாற்றைக் காகித எலக்ட்ரோபோரேசிஸில் (மின்சாரத்தால் பொருட்களைப் பிரிக்கும் முறையில்) ஓடவிட்டு, வெள்ளி நைட்ரேட் தெளித்தால் கரும்புள்ளி தோன்றும். இப்போது குறிப்பிட்ட மரபணு இருக்கிறதா என்று காட்டும் பி.சி.ஆர். சோதனை போதும். ரோல்-பி மரபணு இருக்க வேண்டும். வைரஸ் அல்ல, விர் என்று பெயரிட்ட பாக்டீரிய மரபணு இருக்கக் கூடாது. செடிக்குள் போகாமல் பாக்டீரியாவிலேயே தங்கிவிடும் பகுதி அது. அது தென்பட்டால் வேரோடு பாக்டீரியாவும் இன்னும் உயிரோடு ஒட்டியிருக்கிறது என்று பொருள். செஃபோடாக்சிம் என்ற பாக்டீரியாக் கொல்லி மருந்து சேர்த்த ஊடகத்தில் மறுபடி மாற்றி மாற்றி வளர்த்துத்தான் ஆக வேண்டும்.

மருந்து வேரில் இருக்கிறது. அமுக்கராவைப் போல, வேரைத் தோண்டினால் கிடைக்கிறது. இதற்கு ஆய்வகம் எதற்கு?
*– மூலிகை மருந்து தயாரிப்பவர்*

இலையைப் பறித்தால் செடி மறுபடி துளிர்க்கும். வேரைத் தோண்டினால் அந்தச் செடி அத்தோடு முடிந்தது. பல வேர் மூலிகைகளில் போதிய சத்து சேரச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால், நன்கு முதிர்ந்து விதை தரக்கூடிய செடிகளே முதலில் தோண்டப்படுகின்றன. அடுத்த தலைமுறைக்கு விதையும் மிஞ்சுவதில்லை. இமயமலையின் உயரங்களில் வளரும் கடுகரோகிணியும், சர்ப்பகந்தியும் அழிவை நோக்கிப் போகும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. கோஷ்டம் முதல் பட்டியலிலேயே இருக்கிறது. இந்தப் பட்டியல்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. முடிவேர் வளர்ப்பில் நான் இறங்கியதற்கும் அதுவே காரணம்.

நீங்கள் குறிப்பிட்ட அமுக்கராவை வயலில் பயிரிட முடியும். அதற்கு அவசரம் இல்லை. பயிர் செய்ய இணங்காத, மெதுவாக வளரும், காட்டை மட்டுமே நம்பியுள்ள செடிகளுக்குத்தான் குடுவை முதலில் தேவை. மூன்று நான்கு வாரங்களில் ஒரு குடுவை நிறைந்துவிடும். பருவமழை, பூச்சி, கலப்படம் எதற்கும் அங்கே இடமில்லை.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். முழு வேரையும் இடித்துச் சூரணமாகத் தரும் மருத்துவத்துக்கு இது நேரடி மாற்று ஆகாது. நிலத்தில் முதிர்ந்து பட்டை கட்டிய வேரில் உள்ளவை எல்லாம் இளம் முடிவேரில் அதே விகிதத்தில் இருப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுக்க வேண்டும் என்றால்தான் இது கைகொடுக்கும்.

நித்தியகல்யாணி முடிவேரிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கலாமா?
*– மருந்தியல் பட்டதாரி*

வின்பிளாஸ்டினைக் கேட்கிறீர்கள் என்றால், முடியாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆய்வு மாணவர்களின் ஆண்டுகள் வீணாவது இங்கேதான்.

ஒரு பொருள் செடியின் எந்த உறுப்பில் இருக்கிறது என்பது வேறு, எந்த உறுப்பில் உருவாகிறது என்பது வேறு. 1940-களில் ரே டாசன் என்ற ஆய்வாளர் புகையிலைத் தண்டைத் தக்காளி வேரின் மேல் ஒட்டுக் கட்டினார். புகையிலை இலை நன்றாக வளர்ந்தது, ஆனால் அதில் நிக்கோட்டின் சேரவில்லை. தக்காளித் தண்டைப் புகையிலை வேரின் மேல் கட்டினார். தக்காளி இலையில் நிக்கோட்டின் வந்தது. இலையில் நாம் காணும் நிக்கோட்டினை வேர்தான் செய்து மேலே அனுப்புகிறது. ஊமத்தை, பெல்லடோனா போன்றவற்றின் ஹையோசயமின், ஸ்கோபோலமின் என்ற மருந்துப் பொருட்களும் இப்படித்தான், வேரில் பிறந்து இலைக்குப் போகின்றன. அதனால் இந்தச் செடிகளின் முடிவேர் குடுவையிலும் அவற்றைத் தாராளமாகச் செய்கிறது. அதே செடிகளின் உருவமற்ற செல் திரளை, அதாவது காலஸை, வளர்த்தால் பெரும்பாலும் ஏமாற்றமே. செல் திரள் தான் எந்த உறுப்பு என்பதையே மறந்திருக்கும்; முடிவேரோ வேராகவே இருக்கும். அதன் பலம் முழுவதும் அங்கேதான், அதன் எல்லையும் அங்கேதான்.

இப்போது நித்தியகல்யாணிக்கு வருவோம். வின்பிளாஸ்டின் இரண்டு துண்டுகள் இணைந்தது: கதராந்தின், விண்டோலின். கதராந்தினை வேர் செய்யும். விண்டோலினின் கடைசிப் படிகளுக்கு வெளிச்சமும், இலையில் உள்ள தனிவகைச் செல்களும் வேண்டும். இருட்டில் வளரும் வேரிடம் அதைக் கேட்டுப் பயனில்லை. அதே செடியின் வேறு மருந்துப் பொருட்களான அஜ்மாலிசின், செர்பென்டின் வேண்டுமானால் தாராளமாகக் கேளுங்கள், தரும். மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினும் இதே கதைதான்; அது இலையின் மேலுள்ள சுரப்பித் தூவிகளில் உண்டாவது.

நல்ல செய்தியும் உண்டு. டோப்போடிகான், இரினோடிகான் ஆகிய புற்றுநோய் மருந்துகளுக்கு அடிப்படையான கேம்ப்டோதெசினை 1966-இல் வாலும் வாணியும் ஒரு சீன மரத்திலிருந்து பிரித்தார்கள். ஓஃபியோரைசா புமிலா என்ற சிறு செடியின் முடிவேர் அதைச் செய்வதோடு நில்லாமல் வெளியே ஊடகத்திலும் விடுகிறது என்று ஜப்பானில் சைட்டோவின் குழு 2001-இல் காட்டியது. ஊடகத்தில் ஒரு பிசின் மணியைப் போட்டுவைத்தால் அது பொருளைப் பிடித்துக்கொள்ளும். வேரைக் கொல்லாமலே அறுவடை! எனக்குத் தெரிந்த முடிவேர் ஆய்வுகளில் மனத்துக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

விளைச்சலை எப்படிக் கூட்டுவீர்கள்?
*– ஆய்வக உதவியாளர்*

முதல் வேலை தேர்வு. பாக்டீரியாவின் துண்டு செடியின் டி.என்.ஏ.வில் எங்கே போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒரே இலையில் முளைத்த இரண்டு வேர்கள் இரண்டு தனி வழிகள், அதாவது தனித்தனி வம்சங்கள். ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு தரலாம். ஒவ்வொரு வேரையும் தனித்தனியே எண் போட்டு வளர்க்காமல் ஒன்றாகக் கலந்துவிட்டால் எல்லாம் போயிற்று.

அடுத்தது தூண்டல். மெத்தில் ஜாஸ்மோனேட், சாலிசிலிக் அமிலம், கைட்டோசான், ஈஸ்ட் சாறு என்று எதையாவது கொடுத்து, தன்னைத் தாக்க ஏதோ வந்துவிட்டது என்று வேரை நம்பவைப்பது. தற்காப்புப் பொருட்கள் கூடும், ஆனால் வளர்ச்சி குறையும். அதனால் வேர் நன்றாக வளர்ந்து முடித்த பிறகே கொடுக்க வேண்டும். ரோல் மரபணுக்களே ஒரு வகைத் தூண்டல்தான். ரஷ்யாவில் புல்ககோவின் குழு மஞ்சிட்டிச் செல்களில் ரோல்-பி மரபணுவை மட்டும் செலுத்தியபோதே ஆந்த்ராகுயினோன்கள் என்ற நிறப்பொருட்கள் கூடின.

மூன்றாவது, புது மரபணு சேர்ப்பது. ஹையோசயமினை ஸ்கோபோலமினாக மாற்றும் நொதியின் மரபணுவை ஜப்பானில் ஹாஷிமோட்டோவும் யமடாவும் குரோசாணிச் செடியிலிருந்து எடுத்துப் பெல்லடோனாவுக்குக் கொடுத்தார்கள். 1992, 1993-இல் வந்த அந்தக் கட்டுரைகளைப் படித்தபோது எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்தோம். வேரின் வேதியியலை நாம் விரும்பும் திசையில் திருப்ப முடியும் என்று அப்போதுதான் உறுதியாக நம்பினோம்.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் பெரிய தொழிற்சாலைகள் வரவில்லை?
*– சிறுதொழில் முனைவோர்*

வேர் திரவம் இல்லை, அதுதான் சிக்கல். ஈஸ்ட்டையோ பாக்டீரியாவையோ குழாய் வழியே ஊற்றலாம், துடுப்பு வைத்துக் கலக்கலாம், மாதிரி எடுக்கலாம். முடிவேர் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரே பந்தாகிவிடும். துடுப்பு சுழன்றால் அறுபட்டுக் காயத்தில் காலஸ் கட்டும், பழுப்பேறும். துடுப்பு வேண்டாம், காற்றுக் குமிழி விடலாம் என்றால், குமிழிகள் பந்தைச் சுற்றிக்கொண்டு மேலே போய்விடும். 25 டிகிரி நீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜன் கரையும்; அது பந்தின் நடுவுக்குப் போய்ச் சேருவதற்குள் வெளிப்புற வேர்களே தின்றுவிடும். வேர்த்தூவிகள் தம்மைச் சுற்றி நீரைத் தேக்கிவைத்துக்கொள்வதால் நிலைமை இன்னும் மோசமாகும். வெளியே வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கும் பந்தைப் பிளந்தால் நடுவில் கறுத்துப்போய்ச் சாராய வாடை வரும்.

இதற்காகவே பனித்தூவல் கலன்கள் வந்தன. வேரை வலையில் பிடித்துவைத்து ஊடகத்தை நுண்துளிகளாகத் தெளிப்பது. ஆக்சிஜன் தட்டுப்பாடு தீரும். ஆனால் கலனுக்குள் வேர்த் துணுக்குகளை எல்லா இடத்திலும் சீராகப் பரப்புவது அப்போதும் கைவேலைதான். இங்கிலாந்தில் 1990-களில் ஊமத்தை முடிவேரை 500 லிட்டர் கலனில் வளர்த்தார்கள். பெரிய கலனில் வளர்ப்பதற்குக் கடக்க முடியாத பொறியியல் தடை இல்லை என்று அது காட்டியது. தென் கொரியாவில் ஜின்செங் வேரை 10,000 லிட்டர் கலன்களில் வளர்க்கிறார்கள். அது பாக்டீரியாவால் மாறிய வேர் அல்ல, ஹார்மோன் கொடுத்து முளைக்கவைத்த வேர். ஆனால் கலனின் பாடங்கள் இரண்டுக்கும் பொதுவானவை.

போட்டியையும் சொல்ல வேண்டும். ஸ்கோபோலமினுக்கு டுபோய்சியா என்ற மரத்தை ஆஸ்திரேலியாவில் தோட்டமாகவே வளர்த்து இலை பறிக்கிறார்கள். தோட்டத்தோடு விலையில் குடுவை மோத முடியாது. 2020-இல் ஸ்மோல்கியின் குழு ஈஸ்ட்டுக்குள்ளேயே ஹையோசயமினையும் ஸ்கோபோலமினையும் செய்துகாட்டியது. 2022-இல் ஈஸ்ட்டில் விண்டோலினும் கதராந்தினும் வந்துவிட்டன. ஆனால் அந்த ஈஸ்ட்டுக்குக் கொடுக்க மரபணு எது எது என்று முதலில் தெரிய வேண்டும். அதைக் கண்டுபிடிக்க முடிவேர் மிக நல்ல இடம். தொழில் தொடங்க நினைக்கும் உங்களுக்கு என் ஆலோசனை: வெளியே கசியும் பொருள், சிறு அளவிலேயே மதிப்புள்ள பொருள், தோட்டத்தில் விளையாத செடி. இந்த மூன்றும் ஒன்றாக அமைந்தால் மட்டும் முதலீட்டை யோசியுங்கள்.

மரபணு மாற்றம் என்றாலே பயமாக இருக்கிறது. இயற்கைக்கு விரோதம் இல்லையா?
*– இல்லத்தரசி*

உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்தப் பாக்டீரியா மனிதன் பிறப்பதற்கு முன்பிருந்தே இதைச் செய்து வருகிறது. 2015-இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகமும் பெருவில் உள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையமும் சேர்ந்து, பயிரிடப்படும் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் 291 மாதிரிகளைப் பார்த்தன. எல்லாவற்றிலும் அக்ரோபாக்டீரியத்தின் மரபணுத் துண்டு இருந்தது. எப்போதோ ஒரு முறை நுழைந்து, செடி தழைத்து, தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது.

அதனால் எல்லா மரபணு மாற்றமும் ஆபத்தற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். முடிவேர் மூடிய குடுவைக்குள் இருக்கிறது. பூப்பதில்லை, மகரந்தம் இல்லை, விதை இல்லை. ஊமத்தை முடிவேரில் நான் அஞ்சுவது அதில் உள்ள ஆல்கலாய்டுகளை, அதாவது ஹையோசயமின், ஸ்கோபோலமின் போன்றவற்றைத்தான். அவை நஞ்சு. கையுறை இல்லாமல் யாரையும் தொடவிட்டதில்லை.

மருந்தைத் தவிர வேறு உபயோகம் இல்லையா?
*– வேளாண் பட்டதாரி*

நிறைய. உங்கள் துறைக்கு நெருக்கமானதைச் சொல்கிறேன். பயிருக்குப் பாஸ்பரஸ் கொண்டுவந்து தரும் வேர்ப்பூஞ்சாணத்தை, அதாவது மைக்கோரைசாவை, உயிருள்ள வேர் இல்லாமல் வளர்க்க முடியாது. தொட்டி மண்ணில் வளர்த்தால் மற்ற நுண்ணுயிர்களும் கலந்துவிடும். 1988-இல் கனடாவில் பெக்கார்டும் ஃபோர்ட்டினும் கேரட் முடிவேரில் அந்தப் பூஞ்சாணத்தைத் தட்டிலேயே வளர்த்தார்கள். பிறகு இரண்டு அறைத் தட்டு வந்தது: ஒரு பக்கம் சர்க்கரையும் வேரும், நடுத்தடுப்பைத் தாண்டிப் பூஞ்சாண இழை மட்டும் மறுபக்கம் போய் வித்துகளை இடும். மைக்ராஸ்கோப்பில் அந்த வித்துகள் ஒரு தூசுகூட இல்லாமல் பளபளவென்று தெரிவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தூய உயிர் உரம் தயாரிக்கும் வழிகளில் ஒன்றாக இது வளர்ந்திருக்கிறது.

வேர்முடிச்சு நூற்புழுவையும் இப்படிச் சுத்தமாக வளர்க்கலாம். சோயா போன்ற, மரபணு மாற்றத்துக்கு எளிதில் வசப்படாத பயிர்களில், முழுச் செடியை உருவாக்க மாதக்கணக்கில் காத்திராமல் மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் கருவி வேலை செய்கிறதா என்று முடிவேரில் சில வாரங்களில் பார்த்துவிடலாம். மாசு நீக்கத்தில் இதன் பங்கு அறிவதற்கானது. டி.என்.டி. வெடிமருந்தைச் செடியே சிதைக்கிறதா, வேரில் ஒட்டிய நுண்ணுயிரா என்ற கேள்விக்கு, நுண்ணுயிரே இல்லாத நித்தியகல்யாணி முடிவேர் பதில் சொன்னது: செடியாலேயே அதை மாற்ற முடியும். புகையிலை முடிவேரில் ஒரு முழு எதிர்ப்பொருளையே (ஆன்டிபாடி) ஆஸ்திரேலியாவில் டோரன் குழு 1997-இல் தயாரித்துக் காட்டியது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?
*– பிளஸ் டூ மாணவன்*

பாக்டீரியாவை வைத்து வேண்டாம். மரபணு மாற்றத்துக்கு உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி தேவை. முளைத்த விதையின் வேர்நுனியைக் கிருமி நீக்கிய ஊடகத்தில் வளர்க்கும் பரிசோதனையை உன் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் துணையோடு செய்யலாம். பூஞ்சை வராமல் ஒரு வாரம் காப்பாற்றினாலே கை பழகிவிட்டது என்று கொள்.

முனைவர் பட்டத்துக்கு ஒரு மூலிகையின் முடிவேரை எடுத்திருக்கிறேன். எங்கே தொடங்குவது?
*– ஆய்வு மாணவர்*

கத்தியை எடுக்குமுன், நீங்கள் தேடும் பொருள் வேரிலேயே உருவாகிறதா என்று உறுதிசெய்யுங்கள். முளைத்த நாற்றின் வேரை மட்டும் தனியே வளர்த்து அளந்து பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். பிறகு ஒரே பாக்டீரிய வகையை நம்பாதீர்கள். ஏ4, 15834, எல்.பி.ஏ.9402 என்று இரண்டு மூன்றையாவது சோதியுங்கள். ஒரு செடிக்கு வேலை செய்வது இன்னொன்றுக்குச் செய்யாது. நல்ல வேர் வழி கிடைத்த மகிழ்ச்சியில் உடனே கட்டுரை எழுதாமல், பல முறை மாற்றி வளர்த்த பிறகும் அதே அளவு தருகிறதா என்று மறுபடி அளந்து பாருங்கள்.

கட்டுரை எழுதும்போது, உலர்ந்த எடையில் இத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்தாதீர்கள். வளராத வேரிலும் சதவீதம் உயர்ந்து தெரியும். ஒரு லிட்டர் ஊடகத்தில், ஒரு நாளைக்கு, எத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டுக் கொடுங்கள்.